கனடாவில் சாமான் விலை எப்போது இறங்கும்?

தம்பி, "கோதுமையும் பருப்பும் இங்கேயே விளைகிறதாம், பிறகேன் கடையில் இந்த விலை, கொஞ்ச நாளில் இறங்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய விலைக்கு இறங்கும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 2022 செப்டம்பரில் இங்கே உணவுச் சாமான் விலை ஒரே வருடத்தில் 11 வீதத்துக்கு மேல் கூடியிருந்தது. பிறகு பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள், சரி, ஆனால் குறைந்தது ஏறுகிற வேகம் மட்டும்தான், ஏறினது ஏறினதுதான்.

இங்கே விளைந்தால் மலிவு என்பதும் இல்லை. இங்கே பருப்பு விளைகிற சஸ்கச்சுவான் மாகாணத்து விவசாயி தன் பருப்பை உலகச் சந்தை விலைக்குத்தான் விற்பார், இலங்கையில் நாங்கள் சமைத்த மைசூர்ப் பருப்பிலும் நிறைய அங்கிருந்து வந்ததுதான். 2021இல் சஸ்கச்சுவான் பக்கம் கடும் வறட்சி. அடுத்த வருடம் உக்ரைன் போர், கோதுமையும் சூரியகாந்தி எண்ணெயும் கருங்கடலில் மாட்டிக்கொண்டன, எரிவாயு விலை ஏறியதால் அதிலிருந்து செய்யும் யூரியா உரமும் ஏறியது.

இதெல்லாம் யாரும் தடுக்க முடியாதவை என்றே வைப்போம். எனக்குக் கோபம் வருவது அரசுகள் பயந்துபோய்ச் செய்கிறவற்றில்தான். 2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளைப் பச்சரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. உலக அரிசி வியாபாரத்தில் கிட்டத்தட்ட 40 வீதம் அவர்களுடையது, அதனால் அறிவிப்பு வந்த கையோடு எங்கள் பக்கத்துக் கடைகளில் சனம் மூட்டை மூட்டையாகத் தூக்கியது, கடைக்காரர் "ஆளுக்கு ஒரு பை" என்று எழுதி ஒட்டினார். புழுங்கலரிசிக்குத் தடை இல்லை, ஆனால் அடுத்த மாதமே 20 வீத வரி போட்டார்கள். 2008இலும் இதே கதைதான்: இந்தியாவும் வியட்நாமும் கதவைச் சாத்த, தாய்லாந்து அரிசி டன் 1000 அமெரிக்க டொலரைத் தாண்டியது, அந்த வருடம் உலகத்தில் அரிசி விளைச்சல் ஒன்றும் படுத்துவிடவில்லை. தங்கள் சனத்துக்கு விலை ஏறக்கூடாது என்பது நியாயமான கவலைதான், ஆனால் அதன் செலவை அங்கத்தைய விவசாயியும் அரிசி வாங்கித் தின்னும் ஏழை நாடுகளும் சுமக்கின்றன. இந்தியா 2023இல் போட்ட தடையை 2024 செப்டம்பரில்தான் எடுத்தது.

கனடா அரசு செய்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். 2024 டிசம்பரில் இரண்டு மாதத்துக்கு ஜிஎஸ்டி என்ற விற்பனை வரிக்கு விலக்கு என்றார்கள், அரிசி, மரக்கறி, பால், முட்டைக்கு இங்கே எப்போதுமே அந்த வரி கிடையாது! சிப்ஸும் பியரும் உணவகச் சாப்பாடும்தான் மலிந்தன. உண்மையில் கைவைக்க வேண்டிய இடம் போட்டி. நாட்டின் மளிகை வியாபாரத்தில் பெரும்பகுதி ஐந்து நிறுவனங்களிடம் இருக்கிறது, பக்கத்தில் இன்னொரு மளிகைக் கடை வரக்கூடாது என்று குத்தகையிலேயே எழுதிவைக்கிற வழக்கமும் இருக்கிறது, அதைக் கட்டுப்படுத்தச் சொல்லி போட்டி ஆணையம் 2023இல் அறிக்கையே கொடுத்தது. அதே வருடம் ஒரு ரொட்டி நிறுவனம் கூட்டுச் சேர்ந்து விலை ஏற்றியதை ஒப்புக்கொண்டு 5 கோடி டொலர் அபராதம் கட்டியது.

உங்களுக்கு இப்போதைக்கு: அரிசி, பருப்பு, மசாலாவை நம்மட கடையில் பெரிய பையாக வாங்குங்கள், பாலும் முட்டையும் சலுகைத்தாள் பார்த்து வாங்குங்கள், வருமானமே இல்லை என்றாலும் வரிக்கணக்குக் கொடுங்கள். குறைந்த வருமானக்காரருக்கு அந்த வரிக்கு ஈடாக அரசு தரும் ஜிஎஸ்டி பணம் அதை வைத்துத்தான் வரும், மாணவர்களுக்கும் கிடைக்கும். நிறையப் பேர் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்.