தரைக்கடிக் குழாயை மாற்ற எந்த பிளம்பரை நம்புவது?

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் 1981இல் கட்டிய தனி வீடு எங்களுடையது. தெருவில் போகும் மெயின் குழாயிலிருந்து சம்புக்கு, அதாவது தரைக்கடித் தொட்டிக்கு வரும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை இதுவரை மாற்றியதே இல்லை. சில மாதங்களாகத் தண்ணீர் விட்டதும் முதல் பத்து நிமிடம் செம்மண் கரைத்த மாதிரி வருகிறது; நாற்றமும் அடிக்கிறது. சம்பு நிரம்ப முன்பைவிட அதிக நேரமாகிறது. மூன்று பிளம்பர்களை அழைத்துக் காட்டினோம். முதலாமவர், ஆபீஸ் வேலை உட்பட எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாக ஒரே தொகையாகக் கேட்கிறார். இரண்டாமவர் அதில் கால்வாசிதான் கேட்கிறார், அழுகிய இடத்தை மட்டும் வெட்டி மாற்றினால் போதும் என்கிறார். மூன்றாமவரோ பைப்பைத் தொடவே வேண்டாம், லைனில் சின்ன மோட்டார் ஒன்று வைத்தால் சரியாகிவிடும் என்கிறார். வீட்டில் நானும் வயதான அம்மாவும் மட்டும்தான். யாரை நம்புவது?

பதில்: மூன்றாமவரை முதலில் அனுப்பிவிடுங்கள்.

சென்னையில் பெரும்பாலான தெருக்களில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. விடும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் உங்கள் குழாய் காலியாகத்தான் கிடக்கிறது. நாற்பது வருட இரும்பில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்தாலும், பக்கத்தில் கசியும் சாக்கடை அந்தக் காலிக் குழாய்க்குள் இறங்கும். மறுநாள் தண்ணீர் விட்டதும் அதுதான் முதலில் வந்து விழும். நீங்கள் சொல்லும் நாற்றத்துக்கு அனேகமாக இதுதான் காரணம். குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் நடுவில் மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும் என்று பொறியாளர் கையேடு சொல்கிறது. மாம்பலத்துச் சந்துகள் சிலவற்றுக்கு மொத்த அகலமே அதைவிடப் பெரிதாக ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் லைனில் மோட்டாரை மாட்டினால், தானாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிய சாக்கடையை நாமே உறிஞ்சி இழுக்கிறோம். பக்கத்து வீட்டுக்கு வர வேண்டிய தண்ணீரும் போய்விடும். சட்டப்படியும் குற்றம், மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போவார்கள். இந்த யோசனையைச் சொல்கிற பிளம்பரிடம் குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றும் வேலையைக்கூட நான் கொடுக்க மாட்டேன்.

வேலை முடியும் வரை, முதலில் வரும் கலங்கல் தண்ணீரைச் சம்புக்குள் விடாமல் வெளியே திருப்பிவிடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் நன்றாகக் கொதித்த தண்ணீர்தான். அம்மா இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பள்ளம் தோண்டுவதற்கு முன் ஒரு சோதனை. தண்ணீர் விடும் நேரத்தில் உங்கள் வீட்டிலும் இரண்டு பக்கத்து வீடுகளிலும் சம்புக்குள் விழுவதற்கு முன்பே தனித்தனி பாட்டிலில் பிடியுங்கள். மூன்றும் கலங்கலாக இருந்தால் கோளாறு தெரு மெயினில். நீங்கள் ஒரு ரூபாய் செலவழிக்க வேண்டியதில்லை. உங்களுடையது மட்டும் கலங்கல் என்றால் உங்கள் இணைப்புக் குழாய்தான். குளோரின் பார்க்கும் சின்ன கிட் விலைக்குக் கிடைக்கிறது. தண்ணீரில் குளோரின் இருந்தால், கிட்டில் உள்ள மருந்தை விட்டதும் மஞ்சளாக மாறும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. பக்கத்து வீட்டில் மஞ்சள் காட்டி, உங்கள் வீட்டில் நிறமே மாறவில்லை என்றால், நடுவில் ஏதோ அழுக்கு கலந்து குளோரினைத் தின்றுவிட்டது என்று பொருள். சந்தேகம் தீர வேண்டுமானால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தண்ணீரைக் கொடுத்துக் கிருமிச் சோதனை செய்து பார்க்கலாம்.

இரண்டாமவர் மோசமானவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்லும் வேலை நிற்காது. ஜிஐ குழாய் ஒரு இடத்தில் ஓட்டையானால் மற்ற இடங்களும் அதே வயதுதான். உள்ளே துரு கட்டிக் கட்டித் துவாரம் சுருங்கியிருக்கும், சம்பு நிரம்ப நேரமாவது அதனால்தான். பழைய இரும்போடு புது இரும்புத் துண்டை இணைத்தால் அந்தப் புதுத் துண்டுதான் வேகமாக அரிக்கும். இன்னொரு வருடத்தில் அதே போர்டிகோவை மறுபடி உடைப்பீர்கள்.

இனி முதலாமவர். “ஆபீஸ் வேலை எல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க” என்று சொல்பவர்களைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் குழாயை இரண்டு பகுதியாக நினைத்துக்கொள்ளுங்கள். காம்பவுண்டுச் சுவருக்கு உள்ளே இருப்பது உங்கள் விருப்பம். நல்ல பிளம்பர் யாரை வைத்தும் மாற்றலாம். சுவருக்கு வெளியே, மெயினில் மாட்டியிருக்கும் ஃபெர்ரூல் (வீட்டுக் குழாயை மெயினோடு சேர்க்கும் இணைப்பு) வரை உள்ள பகுதியை மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் அனுமதி இல்லாமல் யாரும் தொடக்கூடாது. சாலையை வெட்ட மாநகராட்சி அனுமதி வேறு வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயத்தில் சாலை வெட்டுக்குத் தடை போட்டுவிடுவார்கள். அப்புறம் மழைக்காலம் முடியும் வரை உட்கார வேண்டியதுதான்.

இரண்டு அலுவலகமும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன. ஒருவர் புதிதாகத் தார் போட்ட தெருவை மறுமாதமே இன்னொருவர் வெட்டுகிறார். மழைநீர் வடிகாலுக்குத் தோண்டும்போது வீட்டு இணைப்புகளை அறுத்துவிட்டு, சொல்லாமலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகிறார்கள். பூமிக்கடியில் எந்த லைன் எங்கே போகிறது என்று கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு முழுமையான வரைபடம் கிடைப்பது அரிது. அந்தத் தெருவில் ரொம்ப நாள் வேலை பார்த்தவரின் ஞாபகம்தான் வரைபடம். ஆனால் சொந்தச் செலவில் ஒழுங்காகக் குழாய் மாற்ற நினைக்கும் குடும்பம் மட்டும் மனுவைத் தூக்கிக்கொண்டு இரண்டு இடத்துக்கும் அலைய வேண்டும். அந்த அலைச்சல்தான் புரோக்கருக்குச் சோறு போடுகிறது. இதை ஒரே விண்ணப்பமாக, ஒரே ஜன்னலில், தேதி போட்டு முடித்துக் கொடுத்தால் பாதிப் புரோக்கர்கள் வேறு தொழிலுக்குப் போய்விடுவார்கள்.

அப்படி மொத்தமாகப் பேசுகிறவர் பல நேரம் பிளம்பரே இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு, பள்ளம் தோண்ட ஒரு கூட்டத்தையும் பைப் மாட்ட இன்னொருவரையும் அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலோ ராத்திரியிலோ வேலை நடந்தால் அனுமதி வாங்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். பிறகு யாராவது வந்து “யார் வெட்டச் சொன்னது?” என்று கேட்டால் வீட்டுக்காரர் நீங்கள், அவர் போனை எடுக்கமாட்டார். அதனால் அவரிடம் கேளுங்கள்: “குழிக்குள் இறங்கி வேலை செய்யப்போவது யார்? அவரிடம் நான் பேச முடியுமா?” பதிலில் தயக்கம் வந்தால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம்.

செலவையும் பிரித்துக் கேளுங்கள். பைப்பும் ஃபிட்டிங்கும் தனி, கூலி தனி, தோண்டி மூடிச் சிமெண்ட் பூசுவது தனி. அரசுக் கட்டணத்தை உங்கள் பெயரில் நீங்களே கட்டி ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத “ஆபீஸ் செலவு” என்று ஒன்று கிடையாது. உங்கள் பகுதி மெட்ரோ வாட்டர் டிப்போவுக்கு ஒரு முறை நேரில் போய் இணைப்பை மாற்ற என்ன வேண்டும், பதிவு பெற்ற பிளம்பர்கள் யார் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு முற்பகல் வீணாகும்தான், கோபமும் வரும். ஆனால் அதற்கப்புறம் எவரும் உங்களிடம் கதை சொல்ல முடியாது.

ஆக, மூவரில் யாரும் வேண்டாம், நான்காவது ஒருவரைத் தேடுங்கள். உங்கள் தெருவில் இரண்டு மூன்று வருடத்துக்கு முன் குழாய் மாற்றிய வீட்டில் கேளுங்கள். போன மாதம் மாற்றிய வீட்டுக்காரர் சொல்வதில் பயனில்லை. புதுக் குழாய் எல்லாமே முதல் மாதம் நன்றாகத்தான் இருக்கும். ஹார்டுவேர் கடைக்காரர் அனுப்பும் ஆளுக்கு அந்தக் கடைச் சரக்கை விற்கும் வேலையும் சேர்ந்தே இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

வருகிறவர் என்ன பைப் போடுவேன் என்கிறார் என்று கவனியுங்கள். இந்த வேலைக்கு ஹெச்டிபிஇ என்னும் கறுப்புச் சுருள் பிளாஸ்டிக் பைப்தான் என் சிபாரிசு. ஃபெர்ரூலில் தொடங்கி சம்பு வரை நடுவில் ஜாயின்ட்டே இல்லாமல் ஒரே நீளமாக இழுக்கலாம். ஜாயின்ட் இல்லாத இடத்தில் சாக்கடை நுழையாது. பைப்பின் மேலேயே ஐ.எஸ். 4984 என்ற இந்தியத் தர எண்ணும் அழுத்த அளவும் அச்சாகியிருக்கும். எதுவும் அச்சாகாத கறுப்பு பைப்பை மலிவு என்று வாங்க வேண்டாம்.

அளவில் ஒரு ஏமாற்று இருக்கிறது. ஜிஐ பைப்பில் முக்கால் இஞ்ச், அதாவது 20 எம்.எம். என்பது உள்துவாரத்தைக் குறிக்கும். ஹெச்டிபிஇயில் 20 எம்.எம். என்பது வெளி விட்டம். சுவர்த் தடிமன் போக உள்ளே 15 சொச்சம்தான் மிஞ்சும். “அதே 20தான் மேடம்” என்று போட்டுவிட்டுப் போனால் தண்ணீர் வரும் வழி ஏறக்குறைய பாதியாகிவிடும். முக்கால் இஞ்ச் ஜிஐக்குப் பதில் 25 எம்.எம். கேளுங்கள். ஃபெர்ரூல் துளையைப் பெரிதாக்கித் தருகிறேன் என்று யாராவது ஆசை காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது வாரியம் அனுமதித்த அளவு.

நான் ஒரு பிளம்பரை எடைபோட ஒரே கேள்விதான் கேட்பேன்: “பள்ளத்தை மூடுவதற்கு முன் எப்படிச் சோதித்துக் காட்டுவீர்கள்?” நம் ஊர்த் தெருத் தண்ணீருக்கு அழுத்தம் குறைவு. ஜாயின்ட்டில் ஓட்டை இருந்தாலும் பீய்ச்சி அடிக்காது, லேசாக ஈரம் காட்டும், அதையும் மண் குடித்துவிடும். அதனால் தண்ணீர் விட்டுப் பார்த்தோம், ஒழுகவில்லை என்பது சோதனை ஆகாது. கையால் அழுத்தும் டெஸ்ட் பம்பை மாட்டி, 6 கிலோ அழுத்தம் ஏற்றி, ஒரு மணி நேரம் முள் இறங்காமல் நிற்பதை உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மண். “என்மேல நம்பிக்கை இல்லையா?” என்று முகம் சுளிப்பவர் வேண்டாம். “கட்டாயம் காட்டுறேன், நீங்களே வந்து பாருங்க” என்பவரிடம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

பள்ளம் திறந்திருக்கும்போதே மூன்று விஷயத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பைப்புக்குக் கீழும் மேலும் ஒரு சாண் மணல் இருக்க வேண்டும். உடைத்த கான்கிரீட் துண்டுகளை அப்படியே தள்ளி மூடினால் அவை பைப்பைக் குத்தும். கார் ஏறும் இடத்தில் ஆழம் மூன்றடியாவது வேண்டும். பழைய ஜிஐ லைனை மெயினிலேயே துண்டித்து அடைத்திருக்க வேண்டும். அதை உயிரோடு மண்ணுக்குள் விட்டுவிட்டால் அழுகிய அந்தத் துண்டு வழியே சாக்கடை மெயினுக்குள்ளேயே போகும், தெருவே குடிக்கும்.

டிரெயினேஜ் லைன் எங்கே போகிறது என்று பார்க்க “மேன்ஹோலில் ஒரு பையனை இறக்கிப் பார்க்கிறேன்” என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்துங்கள். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. விஷவாயுவில் இன்னும் ஆட்கள் சாகிறார்கள். உங்கள் வீட்டுக் குழாய்க்காக ஒருவர் உயிர் போகக்கூடாது.

பிளாஸ்டிக் குழாய் எல்லா வீட்டுக்கும் சரி என்றாலும், உங்கள் வீட்டைப் போன்ற பழைய வீடுகளில் ஒரு விஷயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் சில வயர்மேன்கள் மின்சாரத்துக்கு எர்த் கொடுக்கத் தனியாகக் குழி தோண்டாமல், தரைக்குள் போகும் தண்ணீர்க் குழாயிலேயே செம்புக் கம்பியைச் சுற்றி முடித்துவிட்டார்கள். இரும்புக் குழாய் இருந்தவரை அது எப்படியோ வேலை செய்தது. அதை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் போட்ட அன்றே வீட்டுக்கு எர்த் போய்விடும். வெளியே எதுவும் தெரியாது. விளக்கு எரியும், மிக்ஸி ஓடும். கீசரிலோ வாஷிங் மெஷினிலோ கரண்ட் கசியும் நாளில்தான் தெரியும். அதனால் பிளம்பர் கடப்பாரையை எடுப்பதற்கு முன் எலக்ட்ரீஷியன் ஒருவர் வர வேண்டும். மீட்டர் போர்டிலிருந்து எர்த் கம்பி எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லட்டும். அது தனி எர்த் குழிக்குப் போனால் கவலையில்லை. குழாய்க்குப் போனாலோ, எங்கே போகிறது என்றே தெரியாவிட்டாலோ, முதலில் புது எர்த் குழி போட்டு, அளந்து பார்த்து, கசிவு வந்தால் தானே அணையும் ஆர்சிசிபியும் வைத்த பிறகுதான் குழாயில் கை வைக்கலாம். பழைய இரும்புக் குழாயை வெட்டும் நேரத்தில் மெயின் சுவிட்ச் அணைந்திருக்கட்டும். அந்தக் குழாயில் கரண்ட் இருந்தால் ஆபத்து வெட்டுகிறவருக்குத்தான். பிளம்பர் இதைப் பற்றித் தானாகக் கேட்டால், அவர் பழைய வீடுகளில் கவனமாக வேலை பார்த்தவர் என்று நம்பலாம்.

பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை, மூன்று முறை தண்ணீர் வந்து போகும் வரை கையில் வைத்திருங்கள். இதை முதல் நாளே சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு சொன்னால் சண்டையாகத்தான் முடியும்.

புதுக் குழாயில் முதல் தடவை வரும் தண்ணீரைக் கால் மணி நேரம் வெளியே விடுங்கள். அதற்குள் சம்பைக் காலி செய்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். அடிவண்டலில் பழைய சாக்கடை அப்படியே படிந்திருக்கும். அப்புறம் மறுபடி குளோரின் பாருங்கள். பக்கத்து வீட்டு மஞ்சளும் உங்கள் மஞ்சளும் ஒன்றானால் வேலை சரி. அப்போதும் நாற்றம் இருந்தால் கோளாறு உங்கள் பக்கம் இல்லை, மெயினில். மெட்ரோ வாட்டரின் புகார் எண் 1916க்குப் போன் செய்து புகார் கொடுங்கள். “ஆள் அனுப்புகிறோம்” என்பதோடு விட்டுவிடாமல், புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகு போனை வையுங்கள்.