கேள்வி பதில்: உள்ளூர்க்காரருக்கா முதல் இடம்?

கேள்வி: வயது 46. சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன், கணக்கியல் வேலை. ஆட்குறைப்பில் வேலை போனதிலிருந்து விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருக்கிறேன். போகிற அலுவலகத்தில் எல்லாம் வெளிநாட்டவர்களைத்தான் பார்க்கிறேன். முதலில் உள்ளூர்க்காரருக்கு வேலை கொடு என்று முதலாளிகளைக் கட்டாயப்படுத்தினால் என்ன? – வாசகர், ஈசூன்

பதில்: இரண்டு பேருக்கும் தகுதி ஏறக்குறைய ஒன்றுதான் என்றால் உள்ளூர்க்காரரைத்தான் எடுக்க வேண்டும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. தேசிய சேவை செய்து, வீட்டுக்கடன் கட்டி, பெற்றோரையும் பிள்ளைகளையும் இங்கேயே வைத்துப் பார்க்கிறவருக்கு, வேலை போனால் திரும்பிப் போக இன்னொரு ஊர் கிடையாது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம்கூட, நாட்டைக் காட்டிப் பாகுபாடு பார்க்காதே என்று சொல்லிவிட்டு, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் முன்னுரிமை கொடுக்க முதலாளிக்கு இடம் விட்டிருக்கிறது.

ஆனால் கட்டாயம் என்று வந்துவிட்டால் அது காகிதத்தில் மட்டும் நடக்கிறது, அதுதான் என் கவலை. நிபுணர், மேலாளர் போன்ற வேலைகளுக்கு வரும் வெளிநாட்டவருக்கான வேலை அனுமதிதான் எம்ப்ளாய்மெண்ட் பாஸ். அதற்கு விண்ணப்பிக்கும் முன் அந்த வேலையை அரசாங்கத் தளத்தில் விளம்பரம் செய்ய வேண்டும் என்பது 2014லிருந்தே இருக்கிற விதி. இப்போதைக்கு 14 நாள். சில இடங்களில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஆளை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு, அவருடைய பயோடேட்டாவைப் பார்த்தே விளம்பரத்தை எழுதுகிறார்கள். அந்த வேலைக்குத் தேவையே இல்லாத ஒரு மென்பொருள், தேவையே இல்லாத ஒரு மொழி, இத்தனை வருட அனுபவம் என்று. பதின்மூன்றாம் நாள் உங்களைக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசி அனுப்பிவிட்டால் விதிப்படி எல்லாம் சரி. அப்படி உங்களுக்கு நடந்தது என்று தோன்றினால் அந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு வேலையிட நியாயத்தைக் கவனிக்கிற டாஃபெப் அமைப்பிடம் புகார் கொடுங்கள். பலரும் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025 தொடக்கத்திலிருந்து 5,600 வெள்ளி, ஆனால் வயது ஏற ஏற அதுவும் ஏறி, 45 வயதுக்காரருக்கு 10,700 வெள்ளி ஆகிவிடுகிறது. உங்கள் வயதுள்ள வெளிநாட்டவரை அந்தப் பாஸில் மலிவாகக் கொண்டுவர முடியாது என்று அர்த்தம். உங்கள் இடத்தில் உட்காருகிறவர் பெரும்பாலும் முப்பது வயதுக்காரர், அவர் உள்ளூராகவும் இருக்கலாம். வெளிநாட்டவர் அத்தனை பேரும் நாளைக்கே கிளம்பிப் போனாலும் 46 வயது என்றதும் பயோடேட்டாவை ஒதுக்கி வைக்கிற மேலாளர் அங்கேயேதான் இருப்பார். அதே சட்டத்தில் வயதுப் பாகுபாடும் சேர்ந்திருக்கிறது, அதையும் நாம் விடாமல் கேட்க வேண்டும்.

கேள்வி: கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிறேன், ஊர் மன்னார்குடிப் பக்கம். "நீங்கள் எல்லாம் வந்துதான் எங்கள் வேலை போச்சு" என்று பேருந்தில் ஒருவர் சொன்னார். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. – வாசகர், துவாஸ்

பதில்: தம்பி, நீங்கள் யார் வேலையையும் பறிக்கவில்லை. உங்கள் ஒருவருக்காக முதலாளி மாதம் 500 வெள்ளி, உயர்திறன் தகுதி இல்லையென்றால் 900 வெள்ளி, அரசாங்கத்துக்கு லெவி என்ற கட்டணமாகக் கட்டுகிறார். உள்ளூர் ஊழியர் ஒருவருக்கு ஐந்து பேர் என்ற கணக்குக்கு மேல் உங்களை மாதிரி ஆட்களை எடுக்கவும் முடியாது.

அப்புறம் ஏன் உள்ளூர்க்காரர் அந்த வேலைக்கு வருவதில்லை? ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்துக்கு ஊரில் வட்டி ஓடுகிறது, பெர்மிட்டோ முதலாளி கையில், அதனால் சம்பளம் தாமதமானாலும் ஓவர்டைம் கணக்கில் குறைந்தாலும் நீங்கள் வாய் திறப்பதில்லை. வாய் திறக்க முடியாத ஆளை வைத்துத்தான் அந்த வேலைக்கே விலை போடுகிறார்கள், அந்த விலைக்கு இங்கே குடும்பம் நடத்துகிறவர் எப்படி வருவார்? ஆகவே உங்களுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைப்பது பேருந்தில் பேசினாரே, அவருக்கும் நல்லது. பெர்மிட் முடிகிற சமயத்தில், காலாவதிக்கு 40 முதல் 21 நாளுக்கு முன், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே கட்டுமானத் துறையில் வேறு முதலாளியிடம் மாறலாம். அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். சம்பளச் சீட்டு ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். உள்ளூர் ஆள் கேட்டால் ஒருவரும் வருவதில்லையே? – வாசகி, தேக்கா

பதில்: பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் என்று போட்டால் யார் வருவார்கள், அம்மா? பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகிற பெண்களுக்கு ஏற்ற மாதிரி, காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை என்று போட்டுப் பாருங்கள். 2024 ஜூலையில் வந்த கணக்குப்படி மாதம் 800 வெள்ளியாவது வாங்குகிற பகுதிநேர உள்ளூர் ஊழியர் எத்தனை வெளிநாட்டவரை எடுக்கலாம் என்று முடிவு செய்கிற உங்கள் கோட்டாக் கணக்கில் அரை உள்ளூர் ஆளாகச் சேருவார், 1,600 வெள்ளி என்றால் முழு ஆள்.