விரியன் கடித்துப் பிழைத்தவருக்கு நாக தோஷமா?

கேள்வி: நாங்கள் பர்மாவில் தட்டோன் பக்கம் நெல் விவசாயம் செய்கிறோம். மூன்று வருடத்துக்கு முன் அறுவடை நேரத்தில் என் வீட்டுக்காரரை விரியன் கடித்தது. தாத்தா காலத்து விஷக்கல்லைக் கடிவாயில் வைத்தோம். கெட்டியாக ஒட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக விழுந்தது. விஷம் இறங்கிவிட்டது என்று இருந்துவிட்டோம். மறுநாள் சிறுநீர் வரவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து, டயாலிசிஸ் செய்து பிழைத்து வந்தார். ஆனால் ஆள் பழைய ஆளாக இல்லை. எந்நேரமும் சோர்வு, தூக்கம். வெயிலிலும் குளிர்கிறது என்கிறார். தாடி வளர்வதே நின்றுவிட்டது. பாம்பை அடித்துக் கொன்ற தோஷம், 48 நாள் விரதமிருந்து தீ மிதித்தால் சரியாகும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா? கல்லை இனியும் நம்பலாமா? பாம்புக்கடிக்கு ‘நாஜா 200’ என்று போனில் வருகிறதே, அதை வாங்கி வைக்கலாமா?

பதில்: விரதம் வேண்டாம். மற்றதை மெதுவாகப் பேசலாம், இதை மட்டும் இன்றே சொல்லி நிறுத்திவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரரை நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் சோர்வு, குளிர், தாடி நின்றுபோனது என்று நீங்கள் வரிசையாக எழுதியிருப்பதைப் படித்தவுடன் மனதில் வருவது பிட்யூட்டரி சுரப்பிதான். மூளைக்கு அடியில் இருக்கிற சுரப்பி அது. எடை ஒரு கிராம்கூட இருக்காது. தைராய்டு, அட்ரினல், ஆண்களுக்கு விரை, பெண்களுக்குச் சினைப்பை எல்லாவற்றுக்கும் வேலை ஏவுவது அதுதான்.

விரியன் என்று இங்கே சொல்வது கண்ணாடி விரியனை. அதன் விஷம் முதலில் இரத்தத்தை உறைய வைக்கும். உடம்பெங்கும் நுண்ணிய கட்டிகள் உண்டாகி, உறைவதற்கு வேண்டிய சரக்கெல்லாம் அதிலேயே தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு இரத்தம் தண்ணீர் மாதிரி ஓடும், ஈறிலிருந்தும் கடிவாயிலிருந்தும் கசியும். இந்த அமளியில் சிறுநீரகம் அடிபடுவது எல்லோருக்கும் தெரியும். சிலருக்குப் பிட்யூட்டரியும் இரத்தம் கசிந்தோ இரத்த ஓட்டம் நின்றோ செத்துப்போகும். இதை உலகத்துக்கு விரிவாக எடுத்துச் சொன்னதே பர்மாவில் நடந்த ஆராய்ச்சிதான். துன் பே என்ற பர்மிய மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1987இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார்கள். பிரசவத்தில் அளவுக்கு மீறி இரத்தம் போன பெண்களுக்கு வருகிற அதே கோளாறு, விரியன் கடித்துப் பிழைத்த விவசாயிகளிடமும் இருந்தது. சிலருக்குக் கடித்த சில நாளிலேயே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிந்தன. சிலருக்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வெளிப்பட்டது: அக்குள் முடி உதிர்வது, தாடி நிற்பது, தாம்பத்தியத்தில் நாட்டமின்மை, பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது, சோர்வு, குளிர் தாங்காமை.

இப்போது ஊர்ப் பெரியவர்கள் சொன்னதைத் திரும்பப் பாருங்கள். பாம்பு கடித்து, அதை அடித்து, பிழைத்து வந்தவன் அப்புறம் ஆண்மை குன்றி, சுருண்டு படுத்துவிடுகிறான். இதை அவர்கள் கற்பனை செய்யவில்லை, கண்ணால் கண்டிருக்கிறார்கள். கண்டது சரி, காரணம்தான் தப்பு. பாம்பை அடிக்காமல் விட்டவருக்கும் இதே கதி வரும். விஷம் ஏறாமல் பாம்பை மட்டும் கொன்றவருக்கு வராது. எல்லாவற்றையும் தோஷத்தில் தள்ளும் பழக்கத்தைக் குறை சொல்ல எனக்கும் நாக்கு நமைக்கிறது. ஆனால் டாக்டர்களே ‘பலவீனம்’ என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புகிற இடத்தில், ஏதோ நடந்திருக்கிறது என்று கவனித்தவர்கள் அந்தப் பெரியவர்கள்தான்.

விரதம் ஏன் கூடாது? பிட்யூட்டரி கெட்டவருக்குக் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் போதுமான அளவு சுரக்காது. பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்காமல் தாங்கிப் பிடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஒருவேளைச் சாப்பாட்டோடு வேலை செய்து, காப்புக் கட்டி, மஞ்சள் தண்ணீரில் நனைந்து, கூட்டத்தில் மணிக்கணக்கில் நின்றால் மயங்கி விழுவார். ‘அருள் வந்திருக்கிறது’ என்று விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. நேர்த்திக்கடன் தீராமல் மனது கேட்காது என்றால் அவருக்குப் பதில் குடும்பத்தில் வேறொருவர் காப்புக் கட்டட்டும். புற்றுக்குப் பால் ஊற்றுவதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. பகலில் ஊற்றுங்கள், செருப்போடு போங்கள்.

செய்ய வேண்டியது இரத்தப் பரிசோதனை. காலை எட்டு, ஒன்பது மணிக்குள் எடுத்த கார்ட்டிசால், தைராய்டில் ஃப்ரீ டி4, டெஸ்டோஸ்டிரோன், சோடியம், சர்க்கரை. சிறுநீரகத்துக்காகக் கிரியாட்டினினும் பார்த்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: பல லேபில் தைராய்டு என்றால் டி.எஸ்.எச். மட்டும் பார்ப்பார்கள். அது பிட்யூட்டரியில் சுரப்பது. பிட்யூட்டரியே கெட்டிருக்கும்போது அந்த எண் நார்மலாகக்கூட வரும். ‘தைராய்டு சரியாக இருக்கிறது’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் ஃப்ரீ டி4 என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் ரங்கூனில் ஒரு எண்டோகிரைன் (ஹார்மோன்) டாக்டரைப் பாருங்கள். ‘விரியன் கடித்தது, டயாலிசிஸ் செய்தது’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். யாரும் கேட்கமாட்டார்கள், நீங்களாகத்தான் சொல்ல வேண்டும்.

கோளாறு இதுதான் என்றால் வைத்தியம் மாத்திரைதான். கார்ட்டிசாலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்டிசோன் அல்லது பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு, அது தொடங்கிய பிறகு தைராய்டுக்குத் தைராக்சின். இந்த வரிசை மாறக் கூடாது. கார்ட்டிசால் குறைவாக இருக்கும்போது தைராக்சினை முதலில் கொடுத்தால் ஆள் சாய்ந்துவிடுவார். காய்ச்சல் வந்தால் ஸ்டீராய்டு அளவைக் கூட்ட வேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் ஊசி போட வேண்டும். டாக்டர் அளவைச் சொல்லித் தருவார். தானாக நிறுத்தக் கூடாது. ‘ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்’ என்று பர்மிய மொழியில் ஒரு சீட்டு எழுதி அவர் சட்டைப் பையில் போட்டு வையுங்கள். இதற்கெல்லாம் முன்னால், பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும்வரை கடையில் பொட்டலம் கட்டித் தருகிற வலி மாத்திரை எதுவும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கார்ட்டிசால் கணக்கே தப்பாகிவிடும்.

இனி கல். விஷக்கல் என்று விற்கப்படுவது பெரும்பாலும் கருக்கிச் சுட்ட மாட்டெலும்பு. ஈர நாக்கில் வைத்துப் பாருங்கள், காய்ந்த மண் ஓட்டுச் சில்லைப் போல ஒட்டும். உள்ளே கோடிக்கணக்கான நுண் துளைகள். ஈரத்தை இழுக்கிறவரை ஒட்டியிருக்கும், நிறைந்ததும் விழும். பாலில் போட்டால் குமிழி விடுவது துளையிலிருந்து காற்று வெளியேறுவதால். விஷத்தைக் கக்குகிறது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். விரியனின் பல் ஒன்றரை சென்டிமீட்டர்வரை நீளும். அந்த ஆழத்தில் இறங்கிய விஷம் சதைக்குள் பரவிவிடுகிறது. தோலின் மேல் ஒட்டியிருக்கும் கல்லுக்கு அது எட்டாது.

இந்தச் சண்டை புதிதல்ல. 17ஆம் நூற்றாண்டில் நம் பக்கத்து நாடுகளிலிருந்து இந்தக் கற்கள் ஐரோப்பாவுக்குப் போயின. ரோமாபுரியில் அதனாசியுஸ் கிர்ஷர் என்ற ஏசு சபைப் பாதிரியார் பாம்பு கடித்த ஒரு நாய்க்குக் கல்லை வைத்துப் பார்த்தார். நாய் பிழைத்தது, அவரும் நம்பினார். பிளாரன்ஸ் அரசவை வைத்தியர் பிரான்செஸ்கோ ரெடி பல பிராணிகளிடம் திரும்பத் திரும்பச் சோதித்தார். கல் ஒன்றும் செய்யவில்லை என்று கிர்ஷருக்கே கடிதமாக எழுதி 1671இல் வெளியிட்டார். பின்னாளில், 2007இல் வந்த ஓர் ஆய்வில் எலிகளுக்கு விஷம் ஏற்றி இதே மாதிரிக் கறுப்பு விஷக்கல்லை வைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் அதே முடிவு.

அப்படியானால் கல் வைத்துப் பிழைத்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்களே? இருப்பார்கள். கடிக்கிற பாம்பில் நிறைய விஷமில்லாதவை. விஷப்பாம்பும் எல்லாக் கடியிலும் விஷத்தை இறக்குவதில்லை. விரியன் கடித்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு, நல்ல பாம்பு கடித்தவர்களில் 30 சதவீதம் பேருக்கு அறிகுறியே வருவதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி சொல்கிறது. அவர்கள் காலில் கல்லை வைத்தாலும் பிழைப்பார்கள், வேப்பிலை அடித்தாலும் பிழைப்பார்கள். பிழைத்தவர் கல்லின் புகழைப் பாடுவார். செத்தவரைப் பற்றி ‘விதி’ என்று முடித்துவிடுவோம். கல் உங்கள் வீட்டில் செய்த கெடுதல் ஒன்றுதான்: விஷம் இறங்கிவிட்டது என்று ஓர் இரவு வீட்டில் உட்கார வைத்தது. அந்த இரவில்தான் சிறுநீரகம் போயிருக்கும்.

‘நாஜா 200’ ஹோமியோபதி உருண்டை. நல்ல பாம்பின் விஷத்தை நூறில் ஒரு பங்காக 200 தடவை நீர்க்க வைத்தது. கணக்குப் போட்டால் ஒன்றுக்குப் பின்னால் 400 சுழி வரும். ஒரு துளித் தண்ணீரில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையே 22 இலக்கம்தான். சர்க்கரை உருண்டை, அவ்வளவே. மோட்டார் சைக்கிள் பிளக்கில் ஷாக் வைக்கும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. ஈக்வடாரிலிருந்து 1986இல் இதே ‘லான்செட்’டுக்குப் போன ஒரு கடிதத்தில் கிளம்பிய வதந்தி அது; பிறகு விலங்குகளில் சோதித்தபோது பலிக்கவில்லை. கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் பிளேடால் கீறுவதும் இவற்றைவிட மோசம். கட்டினால் கால் அழுகும். இரத்தம் உறையாத ஆளைக் கீறினால் நிற்காமல் ஓடும்.

கேட்டிருக்கமாட்டீர்கள், ஆனாலும் சொல்கிறேன். சென்னையிலிருந்து வருகிற சொந்தக்காரரிடம் விஷமுறிவு ஊசி வாங்கி வரச் சொல்லாதீர்கள். அங்கே அந்த மருந்துக்குப் பெரும்பாலான விஷத்தைக் கொடுப்பது சென்னைக்கு அருகிலுள்ள இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அது இந்திய விரியனின் விஷம். பர்மாவின் விரியன் தனி இனம். இந்திய மருந்து அதற்குச் சரியாகக் கேட்காது. இன்செயினில் உள்ள அரசு மருந்துத் தொழிற்சாலை விரியனுக்குத் தனியாக, நல்ல பாம்புக்குத் தனியாகச் செய்கிற மருந்துதான் இங்கே சரி.

அடுத்த முறை யாரையாவது கடித்தால்: மெட்டி, மோதிரத்தைக் கழற்றுங்கள். நடக்க விடாதீர்கள். காலைக் கட்டையோடு சேர்த்துத் துணியால் அசையாமல் கட்டுங்கள். மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள். பாம்பைத் தேடி நேரத்தை விடாதீர்கள். தூரத்திலிருந்து போனில் ஒரு படம் கிடைத்தால் போதும். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. உறைந்திருந்தாலும் உடனே வீட்டுக்குக் கிளம்பாதீர்கள், திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். கடி லேசானது என்று நாமே முடிவு கட்டுவதும் கூடாது. பாம்பு ஆராய்ச்சியாளர் ஜோ ஸ்லோவின்ஸ்கியைக் கச்சின் மாநிலத்தில் 2001 செப்டம்பர் 11 அன்று ஒரு சின்னக் கட்டுவிரியன் (பெயரில் விரியன் இருந்தாலும் இது வேறு வகைப் பாம்பு) கடித்தது. விரலில் தடம்கூடச் சரியாகத் தெரியவில்லை. மறுநாள் மூச்சு நின்று இறந்துபோனார்.

வயலில் அரியைத் தூக்குமுன் கம்பால் தட்டிவிட்டுத் தூக்குங்கள். பூட்ஸ் சேற்றில் இழுக்கும் என்று தெரியும், அறுவடை நேரத்தில் காய்ந்த நிலத்தில் மட்டுமாவது போடலாம். இந்த வருடம் அறுவடை தொடங்குமுன் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் எதில் விரியன் மருந்து இருக்கிறது, இரவில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று நேரில் போய் விசாரித்து, அந்த நம்பரை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.