கப்பல் போன பிறகு

அன்புள்ள ஐயா,

இந்தியா–பாகிஸ்தான் பிரிவினையில் சிக்கிய, ஆக்ராவில் செருப்புத் தொழில் செய்யும் முஸ்லிம் குடும்பத்தைப் பற்றிய ‘கரம் ஹவா’ படத்தை மகன் போட்டுக் காட்டினான். வீட்டைக் காலி செய்யும்போது விறகறையில் ஒளிந்துகொள்ளும் பாட்டியைப் பார்த்து அழுதுவிட்டேன். 1937இல் பர்மாவையும் இந்தியாவிலிருந்து பிரித்தார்கள். அதைப் பற்றி ஏன் ஒரு படமும் இல்லை? ‘பராசக்தி’ இருக்கிறதே என்கிறான் மகன். அதுவா பர்மாவிலேயே தங்கிவிட்ட தமிழர்களான நம் கதை?

க., பெகு, பர்மா

அன்புள்ள க.,

‘பராசக்தி’யில் (1952) ரங்கூன் கொஞ்ச நேரம்தான். தங்கை கல்யாணத்துக்குக் கிளம்பும் சகோதரர்களுக்குப் போர்க்காலத்தில் ஒரே ஒரு கப்பல் டிக்கெட் கிடைக்கிறது. அதில் வந்த குணசேகரன் சென்னையில் இறங்கியதும் படம் நம்மை மறந்துவிடுகிறது. குறை சொல்லவில்லை, அது தமிழ்நாட்டைத் திட்டுவதற்காக எடுத்த படம். திட்டுவதற்கு வெளியூரிலிருந்து ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

1937 ஏப்ரல் 1 அன்று ரங்கூன் தெருவில் படம் பிடிக்கிற மாதிரி என்ன இருந்திருக்கும்? வங்காளத்தில் பிரிவினைக் கோடு தரையில் விழுந்தது. வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக் ‘கோமல் காந்தார்’ படத்தில் பத்மா நதிக்கரையில் முட்டி நிற்கும் ஒரு தண்டவாளத்தைக் காட்டுவார், எல்லாம் அதில் வந்துவிடும். நம் கோடு கடலில் விழுந்தது. அதற்குப் பிறகும் கப்பல் வந்தது, போனது. 1942இல் ஜப்பான்காரனுக்குப் பயந்து லட்சக்கணக்கானவர்கள் நடந்தே போனபோதுதான் அந்தப் பக்கம் வேறு நாடு என்பது காலில் தைத்தது. எங்கள் வீட்டுக்கு அது 1964இல்தான் வந்து சேர்ந்தது. மார்ச்சில் கடைகள் அரசுடைமையாகி, தாத்தாவின் மளிகைக் கடையில் நம்பர் போட்ட ‘மக்கள் கடை’ பலகை ஏறியது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. பெரியப்பா குடும்பம் கப்பலேறியது. ஆத்தா போகவில்லை. பர்மா மேல் பாசம் என்றெல்லாம் நினைக்காதீர்கள், மாடு சினையாக இருந்தது. சாகும்வரை பிஸ்கட் டப்பாவில் எஃப்.ஆர்.சி.யை, அதுதான் அந்த வெளிநாட்டவர் பதிவுச் சீட்டை, பத்திரமாக வைத்திருந்தார்.

நீங்கள் பாட்டிக்காக அழுதீர்கள். என்னை உலுக்கியது படத்தின் தொடக்கம். அந்தச் செருப்புத் தொழிலதிபர் சலீம் மிர்சா ஸ்டேஷனில், பாகிஸ்தான் போகும் அக்காவை ரயிலேற்றிவிட்டு நிற்கிறார். ரயில் போகிறது, கேமரா அதோடு போகவில்லை, அவரோடு குதிரை வண்டியில் ஏறுகிறது. இன்று யாரை அனுப்பிவிட்டு வருகிறீர்கள் என்று வண்டிக்காரர் சாதாரணமாகக் கேட்கிறார். நம்மைப் பற்றி எடுத்தால் கேமரா கப்பலோடு போய்விடும். சென்னை பர்மா பஜாருக்கும், பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கும் கடைக்கும் போகும். துறைமுகத்திலிருந்து வீடு திரும்பியவர்களோடு அது வராது.

பெரியப்பாவை வழியனுப்பிவிட்டு வரும்போது சைக்கா என்ற சைக்கிள் ரிக்‌ஷாவுக்குக் கூலி அதிகம் என்று தாத்தா வழியெல்லாம் சண்டை போட்டாராம். அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. அந்த நாளில் அவருக்கு நினைவிருப்பது அந்தச் சண்டை மட்டும்தான். எனக்கு அந்தப் படம் வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது வழியனுப்பப் போயிருந்தால், எதில் திரும்பி வந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.