டிரெய்லர் லைட்டைத் தனி பேட்டரியில் சோதிப்பது: கேள்வி பதில்

அம்முண்டி ஆலைக்குக் கரும்பு ஓட்டுபவர்கள் அரவைக்கு முன்னால் டயரைப் பார்ப்பார்கள், கொக்கியைப் பார்ப்பார்கள், பின்லைட்டைப் பார்க்கமாட்டார்கள். அதனால்தான் இந்த வாரம் டிரெய்லர் ஒயரிங் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

கே.வி.குப்பம்: அண்ணா, டிராக்டர் இல்லாமல் டிரெய்லரை மட்டும் வைத்து லைட் பார்க்க முடியுமா?

முடியும். அப்படிப் பார்ப்பதுதான் நல்லதும்கூட. கோளாறு டிராக்டரிலா டிரெய்லரிலா என்பது உடனே பிரிந்துவிடும். யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று போதும். பாசிட்டிவ் முனையை ஒட்டியே 5 ஆம்பியர் பியூஸ் போடுங்கள். ஒயரின் மறுகோடியில் பியூஸ் போட்டால், நடுவில் ஒயர் நசுங்கி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது. 21 வாட் பிரேக் பல்பு இரண்டும் சேர்ந்து மூன்றரை ஆம்பியர்தான் இழுக்கும், அதனால் 5 தாங்கும். பியூஸ் போகிறதே என்று பெரிய பியூஸ் மாற்றவோ, கம்பி இழை சுற்றவோ வேண்டாம்.

முதலில் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். டிராக்டர் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் கொடுக்கும் கரண்ட் டிராக்டருக்குள்ளும் போகும். அப்புறம் பேட்டரி நெகட்டிவை டிரெய்லர் பிளக்கின் எர்த் பின்னில் (கரண்ட் திரும்பி வரும் பின்) மாட்டி, பாசிட்டிவால் ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பாருங்கள்.

அணைக்கட்டு: எந்தப் பின் எதற்கு?

12 வோல்ட் 7 பின் சாக்கெட்டில் முறைப்படி 1 இடது இண்டிகேட்டர் (மஞ்சள்), 3 எர்த் (வெள்ளை), 4 வலது இண்டிகேட்டர் (பச்சை), 5 வலது டெயில் (பழுப்பு), 6 பிரேக் (சிவப்பு), 7 இடது டெயில் (கறுப்பு). 2 நீலம், பனி விளக்குக்கு. நம் டிரெய்லர்களில் பெரும்பாலும் சும்மா இருக்கும். ஆனால் பட்டறையில் கட்டிய டிரெய்லரில் கையில் கிடைத்த நிறத்தை ஓட்டியிருப்பார்கள். நிறத்தை நம்பாதீர்கள், பின் நம்பரைப் பிடித்துப் போங்கள். உங்கள் டிரெய்லரில் எது எதற்கு என்று தெரிந்ததும் ஒரு அட்டையில் எழுதி டூல் பாக்ஸ் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள்.

சோளிங்கர்: வீட்டு டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், ஒயரில் கரண்டே காட்டவில்லை.

காட்டாது தம்பி. ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரில் இருப்பது நியான் பல்பு, வீட்டுக் கரண்டுக்கானது. 12 வோல்ட்டில் அது எரியவே எரியாது. அதேபோல் வண்டிக்கான டெஸ்ட் லேம்ப்பை (ஒயர் மாட்டிய சோதனை பல்பு) வீட்டு பிளக்கில் விட்டுவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒரே பையில் போட வேண்டாம்.

குடியாத்தம்: இண்டிகேட்டர் போட்டால் பின்லைட்டும் சேர்ந்து மின்னுகிறது. பிரேக் அடித்தால் எல்லாம் மங்கலாகிறது. ஒயரிங் முழுக்க மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்றாதீர்கள், இது எர்த் கோளாறு. திரும்பிப் போக வழி கிடைக்காத கரண்ட், பக்கத்துப் பல்பு வழியாகப் போக்குத் தேடுகிறது, அவ்வளவுதான். நம் பக்கம் டிரெய்லர் லைட் கோளாறில் பாதிக்கு மேல் இதுதான் என்பது என் அனுபவம். மழையில் நனைந்து, சேற்றில் ஊறி, எர்த் போல்ட்டுக்கடியில் துரு ஏறிவிடும். பலர் எர்த் ஒயரே ஓட்டாமல் கொக்கியும் அதில் செருகும் இரும்பு ஆணியும் தொடுவதையே எர்த்தாக நம்பியிருக்கிறார்கள். கிரீஸ் பூசிய, ஓடும்போது ஆடும் கொக்கி அதற்கு ஆகாது.

மல்டிமீட்டர் இருந்தால் இப்படிப் பாருங்கள். பிரேக் லைட் எரிந்துகொண்டிருக்கும்போது ஒரு முனையைப் பல்பு ஹோல்டரின் உடம்பிலும் மறு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்குக் கீழே என்றால் சரி. இரண்டு, மூன்று வோல்ட் காட்டினால் எர்த் போய்விட்டது. லைட்டை அணைத்துவிட்டு அளந்தால் எதுவும் தெரியாது. பல்பு எரிந்து கரண்ட் ஓடும்போதுதான் கெட்ட ஜாயிண்ட் தன்னைக் காட்டிக்கொள்ளும். எல்இடி டெஸ்டரும் இதே இடத்தில் ஏமாற்றும். துளிக் கரண்டிலேயே எரியும் என்பதால் பச்சை பூத்த ஜாயிண்ட்டையும் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிடும். 21 வாட் பல்பு போட்ட டெஸ்ட் லேம்ப்தான் என் சிபாரிசு.

சரிசெய்ய: பெயிண்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, ஒயர் நுனியில் லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) அடித்து இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். எர்த் ஒயரைப் பிளக்கிலிருந்து பின்லைட் வரை தனியாக ஓட்டுங்கள்.

பள்ளிகொண்டா: பியூஸ் போட்டதும் போய்விடுகிறது. ஷார்ட் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பியூஸ் வாங்கியே காசு தீர்கிறது.

பியூஸ் இருக்கும் இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை மாட்டுங்கள். டிரெய்லரின் பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு அந்த லைனுக்குக் கரண்ட் கொடுங்கள். பல்பு எரியாவிட்டால் ஒயர் சுத்தம், கோளாறு கழற்றிய பல்பில் இருக்கலாம். முழு வெளிச்சமாக எரிந்தால் ஷார்ட் ஒயரிலோ ஹோல்டரிலோதான். எவ்வளவு மோசமான ஷார்ட்டாக இருந்தாலும் அந்தப் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியருக்கு மேல் விடாது, ஒயர் கருகாது. இப்போது ஒயரை முன்னாலிருந்து பின்னால்வரை கையால் அசைத்துக்கொண்டே போங்கள். எங்கே அசைக்கும்போது பல்பு அணைகிறதோ அங்கேதான் தோல் உரிந்திருக்கும். சேஸிஸ் துளைக்குள் ஒயர் நுழையும் இடம், கிளாம்ப் கடிக்கும் இடம், எலி கடித்த இடம் இவற்றை முதலில் பாருங்கள். டிப்பர் என்றால் கீல் பக்கம்.

டிப்பர் தொட்டியைத் தூக்கி வைத்து அடியில் தலையை விட வேண்டியிருந்தால் முட்டுக் கொடுக்காமல் விடாதீர்கள். ஹைட்ராலிக்கை நம்பிப் போனவர்கள் திரும்பாமலும் இருந்திருக்கிறார்கள். ஒயரைக் கையால் பிடிக்குமுன் மோதிரம், காப்பு, வாட்ச் எல்லாம் கழற்றுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான், ஆனால் டிராக்டர் பேட்டரி ஷார்ட்டில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் விடும், மோதிரம் பழுத்துவிடும். பேட்டரிப் பக்கத்தில் பீடி வேண்டாம். சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும்.

ராணிப்பேட்டை: கண்டெய்னர் டிரெய்லரை இதே பேட்டரியில் சோதிக்கலாமா?

அது 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்துச் சோதியுங்கள், டெஸ்ட் லேம்ப்பும் 24 வோல்ட்டுக்கானது வேண்டும். ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) பிளக் தனியாக இருக்கும், அதில் மட்டும் எதையும் குத்தாதீர்கள்.

காட்பாடி: பின்கதவுக்கு வெல்டிங் வைத்த மறுநாள் இடது பக்கம் எதுவும் எரியவில்லை.

வெல்டிங் எர்த்தைத் தூரத்தில் மாட்டியிருப்பார்கள், கரண்ட் உங்கள் எர்த் ஒயர் வழியாகப் போய் அதை எரித்திருக்கும். முதலில் அதைப் பாருங்கள். அடுத்த முறை டிராக்டர் பிளக்கைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள்.

திருவலம்: ஐயா, ஆலை வரிசையில் ராத்திரி முழுக்க நிற்கிறோம். லைட் போட்டால் காலையில் டிராக்டர் ஸ்டார்ட் ஆகாதோ என்று அணைத்துவிடுகிறோம்.

இதைக் கேட்டதற்கு நன்றி அம்மா. இருட்டில் நிற்கும் கரும்பு டிரெய்லர் மீது பைக்கில் வந்து மோதுவது நம் ரோடுகளில் நடக்கிறது. முடிந்தவரை ரோட்டைவிட்டு இறக்கி நிறுத்தச் சொல்லுங்கள். பின்பக்கம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் ஒளிரும் ஸ்டிக்கர் கண்டிப்பாக வேண்டும். கரும்புத் தோகை தொங்கி அதையும் லைட்டையும் மறைக்கும், ஏற்றி முடித்ததும் வெட்டிவிடுங்கள்.

லைட் விஷயத்துக்கு வருவோம். டிரெய்லரின் டெயில் இரண்டும் நம்பர் பிளேட்டும் 5 வாட் பல்பு என்றால் மொத்தம் 15 வாட், ஒன்றேகால் ஆம்பியர். மேலே சொன்ன 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரியை டிரெய்லர் பிளக்கில் கொடுத்தால் நாலு மணி நேரம் தாராளமாக எரியும், டிராக்டர் பேட்டரியைத் தொடவே வேண்டாம். அதற்குமேல் இழுக்காமல் காலையில் சார்ஜ் போட்டுவிடுங்கள். விடியும்வரை நிற்க வேண்டுமென்றால் அதே அளவில் இன்னும் இரண்டு எடுத்துப்போய் மாற்றி மாற்றி மாட்டுங்கள்.