வாசகர் கேள்வி–பதில்: கோசா மக்களின் மணிவேலை

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் கோசா மக்கள் செய்தது என்று சொல்லி எனக்கு ஒரு பாசிமணி மாலையைப் பரிசளித்தார்கள். அதனுடன் இருந்த அட்டையில் ‘வெள்ளை தூய்மை, சிவப்பு காதல், மஞ்சள் செல்வம்’ என்று ஒரு பட்டியல் அச்சாகியிருக்கிறது. அதை நம்பலாமா?

பதில்: வெள்ளையைப் பற்றிய வரியை வைத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றை அப்படியே ஏற்க வேண்டாம். மணியின் நிறங்களைக் கொண்டு காதலனுக்குச் செய்தி சொல்லும் வழக்கம் சூலு மக்களிடம் பெயர்பெற்றது. அதையே சுருக்கி ஓர் அகராதியாக்கி, தென்னாப்பிரிக்க மணிவேலை அனைத்துக்கும் பொருத்தி விற்கிறார்கள். ஒரே நிறம் வட்டாரத்துக்கு வட்டாரம், தலைமுறைக்குத் தலைமுறை, பக்கத்தில் எந்த நிறத்தோடு கோக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துக்கூட, வேறு பொருள் தரக்கூடும்.

கோசா மணிவேலையிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘இந்த நிறத்துக்கு என்ன பொருள்’ என்பதன்று. ‘இதை அணிந்திருப்பவர் யார்’ என்பதே. நாட்டின் தென்கிழக்கில் உள்ள கிழக்கு கேப் மாகாணம் இம்மக்களின் தாயகம். கோசா மொழி பேசுவோரில் தெம்பு, ம்போண்டோ, போம்வானா, ம்ஃபெங்கு எனப் பல பிரிவினர் உண்டு. ஒவ்வொரு பிரிவினருக்கும் தனித்த நிறச்சேர்க்கையும் வடிவங்களும் இருந்தன. ம்போண்டோ மக்கள் வெள்ளையையும் வெளிர்நீலத்தையும் பெரிதும் விரும்பியவர்கள். ஆகவே விவரம் அறிந்த ஒருவர், எதிரே வருபவரின் கழுத்தையும் தலையணியையும் பார்த்த அளவிலேயே அவர் எந்தப் பக்கத்தவர், மணமானவரா, குழந்தை பெற்றவரா, மூத்தவரா என்பதை ஓரளவு கணித்துவிட முடிந்தது.

வயது ஏற ஏற அணியும் மாறியது. சிறுமியின் எளிய மணிச்சரம், பருவமெய்தியவளின் அணிகளுக்கு இடம்விட்டது. இளம்பெண்கள் தாங்கள் விரும்பும் இளைஞர்களுக்கு மணிப்பட்டைகளையும் கழுத்தணிகளையும் கோத்துக் கொடுத்தார்கள். மணிகளைக் கோத்தவர்கள் பெண்கள், அணிந்தவர்கள் இருபாலாரும் என்பதால், நன்றாக அலங்கரித்துக்கொண்டு நடந்துவரும் ஓர் இளைஞன் தன் உடலில் தாய், சகோதரி, காதலி ஆகியோரின் கைவேலையைத்தான் சுமந்துவந்தான். இதை எந்த அட்டையும் சொல்வதில்லை. எனக்கோ இதுதான் முதன்மையான செய்தியாகத் தோன்றுகிறது. மூத்த பெண்கள் புகைக்கும் நீண்ட குழாய்களுக்கும், புகையிலை வைக்கும் பைகளுக்கும்கூட மணி கோத்தார்கள்.

கேள்வி: அப்படியானால் வெள்ளை நிறத்துக்கு மட்டும் ஏன் விலக்கு?

பதில்: வெள்ளை இம்மக்களுக்கு ஒளியின் நிறம்; முன்னோரின் நிறம். நோயின் காரணத்தை முன்னோரிடம் கேட்டறிந்து சொல்லும் குறிகாரர்கள் தலையிலும் கழுத்திலும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் வெண்மணி அணிகிறார்கள். அது அழகுக்காக மட்டும் அணிவது அன்று. முன்னோர் அழைக்கிறார்கள் என்று உணர்ந்து அந்தப் பணிக்குப் பயிற்சி பெறுபவரையும் வெள்ளை மணியே அடையாளம் காட்டும்.

இம்மக்களின் நம்பிக்கையில், ஆற்றின் ஆழமான மடுக்களில் ‘நதி மக்கள்’ எனப்படுவோர் வாழ்கிறார்கள். அவர்களுக்குக் காணிக்கை செலுத்தும்போது பூசணி விதை, சோளம், புகையிலை ஆகியவற்றுடன் வெள்ளை மணிகளையும் நீரில் இடுவார்கள். கழுத்தில் அணியும் அதே மணி நீரில் இடும்போது காணிக்கையாகிறது. அணிகலன், காணிக்கை என்று நாம் பிரித்துவைக்கும் இரண்டும் அங்கே ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் கிடக்கும் ஒரு வெண்மணிச் சரத்தைப் பார்க்க நேர்ந்தால், அது யாருடைய உடலில், எந்தச் சடங்கில் அசைந்திருக்கும் என்றும் சற்று எண்ணிப்பாருங்கள்.

கேள்வி: கண்ணாடி மணிகள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை என்று படித்தேன். வெளியிலிருந்து வந்த பொருளால் செய்ததை எப்படி மரபு என்று அழைப்பது?

பதில்: நியாயமான கேள்வி. கண்ணாடி மணி வருவதற்கு முன்பே விதை, கிளிஞ்சல், எலும்பு, உலோகம், தீக்கோழி முட்டையின் ஓடு ஆகியவற்றால் மணிகள் செய்து அணியும் வழக்கம் தென்னாப்பிரிக்காவில் இருந்தது. கோசா மொழியில் மணியைக் குறிக்கும் ‘இன்ட்சிம்பி’ என்ற சொல்லுக்கு இரும்பு என்ற பொருளும் உண்டு. கிழக்கிலிருந்து திரும்பும் வழியில் தென்னாப்பிரிக்கக் கரையோரம் உடைந்து மூழ்கிய போர்ச்சுகீசியக் கப்பல்களின் சூதுபவள (செந்நிறக் கல்) மணிகள், இன்றும் அங்குள்ள சில கடற்கரைகளில் ஒதுங்குகின்றன.

வெனிஸ் நகரிலும் பொஹீமியாவிலும் செய்யப்பட்ட சிறு கண்ணாடி மணிகள் பெருமளவில் வந்து சேர்ந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். காலனியின் எல்லை கடந்த வணிகத்தை நெடுங்காலம் தடைசெய்திருந்த பிரிட்டிஷ் காலனி அரசு, 1824இல் கெய்ஸ்கம்மா ஆற்றங்கரையில் இருந்த வில்ஷயர் கோட்டையில் சந்தை நடத்த அனுமதித்தது. கோசா மக்கள் யானைத் தந்தம், தோல், பிசின் ஆகியவற்றைக் கொண்டுவந்து மணிகளையும் பொத்தான்களையும் பெற்றுச் சென்றார்கள். அந்தப் பரிமாற்றம் சமமானதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். தந்தத்துக்குக் கண்ணாடி என்பது யாருக்கு ஆதாயம் என்பது வெளிப்படை. ஆனால் எதைக் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்ளும் அப்பாவிகளாக அவர்களை எண்ணுவது பெருந்தவறு. வாங்குவோர் நிறத்திலும் அளவிலும் மிகவும் கண்டிப்பானவர்கள். அவர்களுக்குப் பிடிக்காத மணி வணிகனிடமே தேங்கிக் கிடந்தது. ஆடைக்காக வந்த முத்துச்சிப்பிப் பொத்தானையும் அவர்கள் ஆடை பூட்டப் பயன்படுத்தாமல், மணிகளுக்கிடையே வெண்ணொளி தரும் அணியாக மாற்றிக்கொண்டார்கள். கண்ணாடி வெனிஸுக்குச் சொந்தமாக இருக்கலாம். அதை எப்படிக் கோப்பது, யார் எப்போது அணிவது, எப்போது கழற்றுவது என்ற இலக்கணம் முழுவதும் கோசா பெண்களுடையது. மரபு என்ற சொல்லை அந்த இலக்கணத்துக்கே தருகிறேன்.

கேள்வி: மதம் மாறியவர்கள் மணி அணிவதை விட்டுவிட்டார்கள் என்பது உண்மையா?

பதில்: பெருமளவுக்கு உண்மை. கிறித்தவ மிஷனரிகள் மணியையும் உடலில் பூசும் செங்காவியையும் பழைய சமயத்தின் அடையாளமாகக் கண்டு, அவற்றைத் துறக்கச் சொன்னார்கள். இதனால் சமூகமே இரண்டாகப் பிரிந்தது. காவியும் மணியும் போர்வையுமாகத் தொடர்ந்தவர்கள் ‘அமாகாபா’, அதாவது பூசிக்கொள்பவர்கள் எனப்பட்டார்கள். மதம் மாறி மிஷன் பள்ளிகளின் பக்கம் சென்றவர்கள் பள்ளி மக்கள் எனப்பட்டார்கள். ஒரே ஊரில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமுமாக இருந்திருக்கக்கூடும் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

கேள்வி: நெல்சன் மண்டேலா மணிக் கழுத்தணியுடன் இருக்கும் புகைப்படத்துக்கு ஏதேனும் பின்னணி உண்டா?

பதில்: உண்டு. அது 1961இல், அவர் தலைமறைவாக இருந்த காலத்தில் எலை வைன்பர்க் எடுத்த படம். மண்டேலா தெம்பு அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். மிஷன் பள்ளிகளில் படித்தவர். கோட்டும் டையும் அணிந்து வழக்காடிய வழக்கறிஞர். அப்படிப்பட்டவர் அகன்ற மணிக் கழுத்தணியோடு படமெடுக்க நின்றார் என்றால், அவர் தெரிந்தே அதைத் தேர்ந்தெடுத்தார் என்றுதான் கொள்ள வேண்டும்.

அடுத்த ஆண்டு கைதாகி, 1962 அக்டோபரில் பிரிட்டோரியா நீதிமன்றத்துக்குள் அவர் சிறுத்தைத் தோல் போர்த்தி நுழைந்தார். அவருடைய மனைவி வின்னி மணி கோத்த தலையணியும் கணுக்கால் வரை நீண்ட கோசா பாவாடையும் அணிந்து வந்திருந்தார். சிறை அதிகாரிகள் அந்தத் தோலைப் பறிக்க முயன்றபோது மண்டேலா கொடுக்க மறுத்துவிட்டார். வெள்ளையர் சட்டம் தம்மை விசாரிக்கும் இடத்துக்குத் தம் மக்களின் வரலாற்றை உடலில் சுமந்து செல்வதாகவே அவர் அதைக் கருதினார். முந்தைய பதிலில் சொன்ன அந்தப் பிளவை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், பள்ளிப் பக்கத்தில் வளர்ந்த ஒருவர் மணியின் பக்கம் வெளிப்படையாக வந்து நின்றது எத்தனை கனமான செயல் என்பது புரியும்.

கேள்வி: இன்றைய கோசா இளைஞர்களுக்கு இதெல்லாம் வேண்டியிருக்கிறதா?

பதில்: வேண்டியிருக்கிறது. திருமணத்திலும் சடங்குகளிலும் மணியணிகள் இன்றும் உண்டு. பெருநாள்களில் அணியும், பல சரங்கள் நீண்டு தொங்கும் மாலைக்கு ‘இசிடாங்கா’ என்று பெயர். இன்றைய கோசா மொழியில் பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் அதே சொல்தான் வழங்குகிறது. இதைவிட அழகான சொல்லாக்கத்தை நான் அதிகம் கண்டதில்லை.

இன்னொரு செய்தி. கோசா இளைஞன் ஆண்மைச் சடங்கு முடித்து ஊர் திரும்பியதும் பழைய உடைகளைத் துறந்து, சில மாதங்கள் புதிய, கண்ணியமான உடையையே அணிய வேண்டும். இதற்காகக் கடையில் வாங்கிய வெளிநாட்டுப் பாணிக் கம்பளிச் சட்டைகளையே இளைஞர்கள் அணிந்துவந்தார்கள். இன்று கெபெர்கா எனப்படும் போர்ட் எலிசபெத் நகரைச் சேர்ந்த லடுமா இங்கோகோலோ என்ற வடிவமைப்பாளர், தாமும் அச்சடங்கைக் கடந்தவர், மாணவராக இருந்தபோதே இக்குறையை உணர்ந்து, கோசா மணிவேலையின் சாய்சதுரங்களையும் வளைந்து மடங்கும் கோடுகளையும் பின்னலாடையில் கொண்டுவந்தார். அதற்குமுன் மணியாகக் கோக்கப்பட்ட அதே வடிவங்களை, இப்போது புதிதாக ஆண்மகன் என்ற தகுதி பெற்று வரும் இளைஞன் நெஞ்சில் அணிந்து வீடு திரும்புகிறான்.