தட்டோரம் ஒதுங்கும் காய்கள்: வாசகர் கேள்வி–பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: "காய் சாப்பிடவே மாட்டேங்கிறாங்க." பல வருஷம் விடுதிச் சமையலறைகளில் மெனு போட்டவள் என்ற முறையில் முதலில் ஒன்று கேட்டுவிடுகிறேன். காயில் எது பிடிக்கவில்லை? வாசனையா, வழவழப்பா, கசப்பா, நசநசவென்று இருப்பதா? அது தெரியாமல் "இவனுக்குக் காயே ஆகாது" என்று முடிவுகட்டினால் மேற்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

ஆறு வயது மகளுக்கு வெண்டைக்காய் என்றாலே குமட்டல். "கொழகொழன்னு இருக்கு" என்கிறாள். தயிர் ஊற்றினால் சரியாகும் என்றார்கள், ஆகவில்லை. – விருதுநகர் வாசகி

குழந்தை சொல்வது சரிதான், இருக்கிறது. வெண்டைக்காய்க்குள் இருக்கும் பசை தண்ணீர் பட்டால் ஊறிப் பெருகும். அதனால் வேலை அடுப்பில் இல்லை, அதற்கு முன்னாலேயே தொடங்குகிறது. காயைக் கழுவி, ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து, மின்விசிறிக்கு அடியில் 1 மணி நேரம் பரப்பி வையுங்கள். கத்தியும் பலகையும் உலர்ந்திருக்க வேண்டும். பொடிப்பொடியாக நறுக்க நறுக்கப் பசை வெளியே வர வழி கூடும். முக்கால் அங்குலத் துண்டு போதும்.

கால் கிலோ காய்க்கு அகலமான வாணலியில் 2 மேசைக்கரண்டி நல்லெண்ணெய். கடுகு வெடித்ததும் காயைப் போட்டு, தீயைக் கூட்டி, 2 நிமிஷம் கரண்டியைத் தொடாதீர்கள். பிறகு ஒரு புரட்டு. மூடி போடவே கூடாது. கொஞ்ச நேரத்தில் நூல் நூலாக இழுக்கும். பயந்துபோய்த் தண்ணீர் தெளிக்கிறவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். விட்டுவிடுங்கள், தானே வற்றும். இப்போது ஒரு ஸ்பூன் கெட்டித் தயிரோ, அரை மூடி எலுமிச்சைச் சாறோ. புளிப்பு பசையை அறுக்கும். நீங்கள் ஈரக் காயில் நீர்த்த தயிரை ஊற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது பசைக்குத் தீனி போட்ட மாதிரி. ஓரம் லேசாகக் கருகி வரும்போது உப்பு, இறக்கப் போகும் நேரத்தில்.

உப்பை ஏன் கடைசியில் போடச் சொல்கிறேன் என்றால், நானே பட்டிருக்கிறேன். ஒரு விடுதியில் 200 பேருக்குப் பொரியல். 15 கிலோ வெண்டைக்காயில் முதலிலேயே உப்பைப் போட்டு, சீக்கிரம் வேகட்டும் என்று மூடியும் வைத்தேன். உப்பு உள்ளிருந்த நீரையெல்லாம் இழுத்து வெளியே விட்டுவிட்டது. பத்து நிமிஷம் கழித்துத் திறந்தால் கரண்டி அதில் நட்ட மாதிரி நிற்கிறது! புளியைக் கரைத்து ஊற்றி, பொரியலைக் குழம்பாக மாற்றித்தான் அன்றைய மதியத்தை ஓட்டினோம்.

வயது 27, பெங்களூரில் தனியாக இருக்கிறேன். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரே ஒரு பேன். உருளைக்கிழங்கு வறுவல் தவிர எந்தக் காயும் இறங்காது. திருந்த வழி உண்டா?

உண்டு, உருளை வழியாகவே. வெளியே மொறுமொறு, உள்ளே மாவு, பெரிதாக வாசனை இல்லை. உருளையில் உங்களுக்குப் பிடித்தது இதுதானே? இதே குணத்தோடு அடுத்த வீட்டில் வாழைக்காய் இருக்கிறது, சேப்பங்கிழங்கு இருக்கிறது, சேனை இருக்கிறது. ஒரேயடியாகப் புடலங்காய்க்குத் தாவாமல் வாழைக்காயில் தொடங்குங்கள். அது பழகியபின் காலிஃபிளவர், அப்புறம் கேரட், அப்புறம் கத்தரிக்காய். ஒவ்வொரு படியிலும் அதே மிளகாய்த்தூள், அதே மொறுமொறுப்பு. காய் மட்டும்தான் மாறுகிறது.

சேனையை வில்லைகளாக அரிந்து, புளித்தண்ணீரில் மஞ்சள்தூள் போட்டு அரைவேக்காடாக வேகவைத்து வடியுங்கள். சேனையில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு, தொண்டை அரிப்பது அதனால்தான். புளியும் நன்றாக வேகுவதும் அந்த அரிப்பை அடக்கும். பிறகு மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, சோம்புத்தூள், 2 ஸ்பூன் அரிசி மாவு, உப்பு பிசறி, மீன் வறுப்பது போல இரண்டு பக்கமும் சிவக்க எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் மீனோ என்று ஒரு நிமிஷம் தோன்றும்.

ஒரே பேன் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு, மொத்தக் காயையும் ஒன்றாகக் கொட்டுவது. காய்கள் நெருக்கியடித்துக் கிடந்தால் விடும் நீர் ஆவியாகப் போக இடமில்லாமல் அங்கேயே தேங்கும். தண்ணீர் இருக்கிற வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. காய் சிவந்து வறுவல் வாசனை வர ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். அதனால் வறுப்பதாக நினைத்துக்கொண்டு அவித்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு அடுக்குக்கு மேல் போடாதீர்கள், இரண்டு ஈடாக வறுங்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 உணவு வழிகாட்டுதல்கள் ஒரு நாளைக்குக் காயும் கீரையுமாக 400 கிராம் என்கின்றன. அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு புதுக் காய் போதும் உங்களுக்கு.

கணவர் முட்டைக்கோஸ் வாசனைக்கே வீட்டை விட்டு ஓடுகிறார். எனக்கு அப்படி ஒரு வாசனையும் தெரியவில்லை. நடிக்கிறாரா? – கோவை

நடிக்கவில்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி எல்லாம் ஒரே குடும்பம். கந்தகம் கலந்த பொருள்கள் இவற்றில் அதிகம். வேகும் நேரம் கூடக் கூட அவை உடைந்து, அழுகிய முட்டை வாசனை கொண்ட ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியே வரும். குக்கரில் இரண்டு விசில் விட்டீர்களானால் தெருமுனை வரை தெரியும். மெல்லிசாகச் சீவி, தண்ணீரே ஊற்றாமல், திறந்த வாணலியில் 5 நிமிஷம். பல்லுக்குக் கொஞ்சம் கடிபட வேண்டும். அரை மணி ஊறிய பாசிப்பருப்பு ஒரு பிடி, இஞ்சி, பச்சைமிளகாய், கடைசியில் தேங்காய்.

உங்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிவதிலும் அதிசயமில்லை. சுவையில் இப்படி நடந்த கதை ஒன்று உண்டு. 1931-இல் அமெரிக்காவில் டூபாண்ட் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் பி.டி.சி. என்ற தூளைக் கொட்டும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் "ஐயோ கசப்பு" என்று புலம்ப, ஃபாக்ஸுக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை. இருவருமே பொய் சொல்லவில்லை. சிலர் நாக்குக்கு அந்தக் கசப்பு பிறவியிலேயே எட்டாது. 2003-இல் அதற்கான மரபணுவையும் கண்டுபிடித்துவிட்டார்கள். முட்டைக்கோஸ் குடும்பத்துக் கசப்பும் இதே ரகத்தோடு சேர்ந்தது. வீட்டிலும் குழந்தை "கசக்குது" என்று சொன்னால் நாம் தின்றுபார்த்துவிட்டு "எங்கே கசக்குது?" என்று அதட்டுகிறோமே, கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்.

டிபன் பாக்ஸில் வைக்கும் பொரியல் சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறது. – மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்

நீங்கள் காலை ஏழரைக்கு அதைச் சுடச்சுட மூடினீர்கள். ஆவி மூடியில் முட்டி, தண்ணீராகச் சொட்டி, பன்னிரண்டரை மணிக்குப் பிள்ளை திறக்கும்போது பீன்ஸ் குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பிள்ளை இடத்தில் நான் இருந்தாலும் திரும்ப மூடித்தான் வைப்பேன். தட்டில் பரப்பி ஆவி அடங்கியபின் டப்பாவில் போடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

டப்பாவுக்குத் தேங்காய்ப் பொரியல் வேண்டாம், வெயில் காலத்தில் மதியத்துக்குள் ஊசிப்போகும். பருப்பு உசிலி தாங்கும். அரை ஆழாக்குத் துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் 1 மணி நேரம் ஊறவைத்து, காய்ந்த மிளகாய், பெருங்காயம், உப்போடு தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் 10 நிமிஷம் அவித்து, ஆறியதும் உதிர்த்து, எண்ணெயில் பொலபொலவென்று வரும்வரை வறுங்கள். அவித்து வடித்த பீன்ஸை அதில் கலந்தால், காயில் மிஞ்சியிருக்கும் ஈரத்தைப் பருப்பே குடித்துவிடும். அவித்தவுடன் சூட்டோடு உதிர்த்தால் மட்டும் கொழகொழத்துவிடும், ஆறட்டும்.

காயை அரைத்துத் தோசை மாவிலும் சப்பாத்தியிலும் மறைத்துக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், சத்து உள்ளே போய்ச் சேரும். ஆனால் காய் சாப்பிடும் பழக்கம் அதனால் வராது. பிள்ளைக்குத் தெரிந்தது தோசைதானே? அதோடு ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால் தோசையையும் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பிக்கும். அப்படி இட்லியையே விட்ட ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். பீட்ரூட் தோசை என்றால் "இது பீட்ரூட் தோசை" என்று சொல்லியே போடுங்கள். பக்கத்தில் காய் காயாகவும் ஒரு ஸ்பூன் இருக்கட்டும், தின்னாவிட்டாலும் பரவாயில்லை.

பீட்ரூட்டில் மண் வாசனை வருகிறது. நன்றாகத்தான் கழுவுகிறேன். – தஞ்சாவூர்

கழுவிப் போகாது, அது காய்க்குள்ளேயே இருக்கும் ஜியோஸ்மின். முதல் மழைக்கு மண் மணக்கிறதே, அதே பொருள். தோலைக் கொஞ்சம் ஆழமாகச் சீவுங்கள். துருவி, தண்ணீர் விடாமல் வதக்கி, இறக்கியதும் எலுமிச்சை பிழியுங்கள். புளிப்பு பட்டால் அந்த வாசனை அடங்கிவிடும். மறுநாள் காலை பிள்ளை சிவப்பாகச் சிறுநீர் போனால் அலற வேண்டாம், சிலருக்கு அப்படித்தான்.

மாமனாருக்கு 74 வயது. பல்செட். பிபி இருப்பதால் உப்பைக் குறைத்தோம், அன்றிலிருந்து எந்தக் காயும் "மண்ணு மாதிரி இருக்கு" என்கிறார். – சேலம் மருமகள்

வயதானால் நாக்கைவிட மூக்கு அதிகம் தளர்ந்துவிடும். ருசியில் பெரும் பங்கு மூக்குடையது. சில மாத்திரைகளும் வாயின் ருசியை மாற்றும், மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். மேல் பல்செட் அண்ணத்தையும் மூடிக்கொள்கிறது. அதனால் அவருக்கு வாசனையைக் கூட்டிக் கொடுங்கள். பூசணிக்காய், சௌசௌ, சுரைக்காய்க் கூட்டு நன்றாகக் குழையட்டும். மிளகு, சீரகம் அப்போதுதான் பொடித்ததாக இருக்கட்டும். தாளிப்பைச் சமையலறையில் முடிக்காமல், அவர் உட்கார்ந்தபின் ஒரு ஸ்பூன் நெய்யில் சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை பொரித்து அவர் கிண்ணத்திலேயே கொட்டுங்கள். அந்த "சொய்ங்" சத்தமும் சேர்ந்துதான் ருசி.

உப்பை வேகும்போது போடாமல், அவருக்கு அனுமதித்த அளவைக் கடைசியில் மேலாகத் தூவுங்கள். குறைந்த உப்பும் நாக்கில் நேராகப் படும். எலுமிச்சை, மாங்காய், புளிப்பு எது சேர்ந்தாலும் உப்புக் குறை தெரியாது. கடையில் விற்கும் "லோ சோடியம்" உப்பில் பொட்டாசியம் இருக்கும். பிபி மாத்திரையோ சிறுநீரகத் தொந்தரவோ இருப்பவருக்கு மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

பாகற்காய்?

ஒரே வார்த்தையில் கேட்டிருக்கிறீர்கள், பிடித்திருக்கிறது. முற்றிய விதையை எறிந்துவிட்டு மெல்லிய வளையமாக நறுக்கி, உப்பும் மஞ்சளும் பிசறி அரை மணி வைத்துப் பிழியுங்கள். கசப்பில் ஒரு பங்கு நீரோடு போகும். மிஞ்சிய உப்பு, கசப்பு நாக்குக்குத் தெரிவதைக் குறைக்கும். சம அளவு சின்ன வெங்காயம், கெட்டிப் புளி, நெல்லிக்காயளவு வெல்லம் போட்டுச் சுருள வதக்குங்கள். கசப்பை முழுக்கக் கொன்றுவிட்டால் அப்புறம் அது எதற்குப் பாகற்காய்?

இரண்டரை வயது மகன். போன மாதம் வரை எல்லாம் சாப்பிட்டான், இப்போது பச்சை நிறத்தில் எதைப் பார்த்தாலும் தட்டைத் தள்ளுகிறான். – திருநெல்வேலி

இந்த வயதில் வரும், பள்ளிக்கூடம் போன கொஞ்ச காலத்தில் பெரும்பாலும் தணியும். புதுக் காய் ஒன்று பழக 10, 15 தடவைகூடத் தட்டில் வர வேண்டியிருக்கும். நாம் மூன்றாவது தடவையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று எழுதி மூடிவிடுகிறோம். எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் சொன்ன பங்கீடு எனக்குப் பிடிக்கும்: என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தை பொறுப்பு. "இரண்டு வாய் அவரைக்காய் தின்றால் ஐஸ்கிரீம்" என்ற பேரம் வேண்டாம். அவரைக்காய் தண்டனை, ஐஸ்கிரீம் பரிசு என்றுதான் பிள்ளை கணக்குப் போடும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதையே சாப்பிடுங்கள், ஒன்றும் சொல்லாமல்.

எடை ஏறவில்லை, விழுங்கும்போது அடிக்கடி புரையேறுகிறது, சாப்பிடும் பொருள்களின் எண்ணிக்கை மாதாமாதம் குறைகிறது என்றால் சமையல் குறிப்பு போதாது. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கீரை பச்சை மாறாமல் இருக்க ஆப்ப சோடா போடலாமா?

வேண்டாம். நிறம் நிற்கும், ஆனால் கீரை கூழாகும், வைட்டமின் சி-யும் போய்விடும். மூடாமல் வேகவையுங்கள், கீரையின் புளிப்பு ஆவியோடு வெளியேறினால் பச்சை பெரும்பாலும் நிற்கும். புளி சேர்ப்பதானால் கடைந்து முடித்தபின், இறக்குவதற்குச் சற்று முன்னால்.